அண்ணன் ஊன்றிய குச்சி

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மிஸஸ் டாப்ஸன் நாற்காலி மேல் ஏறி நின்று, சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளை விரலால் ஒரு முழுச் சுற்று சுற்றினாள். எட்டரை மணி ஒன்பதரை ஆயிற்று. லண்டனில் வசந்தம் பிறந்தால் இப்படிச் செய்வார்கள். வெயில் காலம் முழுவதும் தேசமே ஒரு மணி நேரம் முந்திக்கொள்ளும். குளிர் வந்ததும் மறுபடி முள்ளைப் பின்னே தள்ளிவிடுவார்கள்.

"ஒரு மணி நேரத் தூக்கம் போயிற்று, மிஸ்டர் கோவிந்தன். யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்றுதான் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். வருஷா வருஷம் இதையே சொல்லுவாள். வருஷா வருஷம் நானும் சிரிப்பேன். இந்தத் தடவை சிரிக்க முடியவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போனால் கரும்பலகையில் மேற்பார்வையாளர் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்: 'இன்று முதல் நீர் ஏற்ற இறக்க அட்டவணையில் உள்ள நேரத்தோடு ஒரு மணி கூட்டிக்கொள்ளவும்.' அடியில் இரண்டு கோடு. படித்தவர்கள் வேலை செய்யும் இடத்தில்கூட இதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் எண்ணூர் கடற்கரையில் எனக்கு இப்படி எழுதி வைக்க ஆள் இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கை அச்சில் இருந்தது. நான் படிக்கவில்லை.

இந்தப் பத்திரிகையில் இரண்டு வருஷமாகச் சீமைக் குறிப்புகள் எழுதி வருகிறேன். பனியைப் பற்றி, பூமிக்கடியில் ஓடும் ரெயிலைப் பற்றி, வரிசையில் நிற்கும் ஜனங்களைப் பற்றி எழுதினேன். இந்த முறை எழுதப்போவது அப்படிப்பட்டதல்ல. அன்று ஒரு தவறு நடந்தது. செய்தவன் நான். பழியைச் சுமந்துகொண்டிருப்பவன் என் அண்ணன் கன்னியப்பன். இதை ஊர் அறிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். தேம்ஸ் நதியின் ஒரு கப்பல்துறையில் ஆழம் அளக்கும் பிரிவில் உதவியாளன் வேலை. காலையில் சிறு படகில் போய், ஈயக் குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் விட்டு, எத்தனை அடி என்று எழுதிக்கொண்டு வருவோம். எங்கே சேறு ஏறியிருக்கிறதோ அங்கே தூர்வாரும் கப்பல் போய் அள்ளும். அடுத்த வாரம் போனால் நதி அதே சேற்றை அதே இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கும். மறுபடி அளப்போம், மறுபடி அள்ளுவார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இதுதான் நடக்கிறதாம். தூர்வாரும் கப்பல்காரர் ஒருவர் சொன்னார்: "என் தாத்தா அள்ளிய சேற்றைத்தான் நானும் அள்ளுகிறேன். எங்களுக்குப் பழக்கமான சேறு."

இந்த ஊரில் எனக்கு என் தகப்பனார் பெயர். வந்த புதிதில் பதிவு ஆபீஸில் ஒரு பெண்மணி, "உங்கள் குடும்பப் பெயர்?" என்று கேட்டாள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். "இருக்க வேண்டுமே" என்றாள், எனக்காக வருத்தப்படுகிறவள் மாதிரி. நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் குரல் ஏறவில்லை. நம் ஊர் ரேஷன் ஆபீஸில் இரண்டாவது தடவைக்குள் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள். கடைசியில் முருகேசன் என்பதைப் பெயராகவும், நைனாவின் பெயரைக் குடும்பப் பெயராகவும் எழுதிக்கொண்டாள். எந்த ஆபீஸ் வாசற்படியும் மிதித்தறியாத மனிதர் என் நைனா. இன்று லண்டனில் பால்காரன் முதற்கொண்டு அவரைத்தான் கூப்பிடுகிறான்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். எண்ணூரிலிருந்து திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடத்துக்கு ரெயிலில் போனேன். என்னைப் படிக்க வைக்க வேண்டும் என்று நின்றது நைனா அல்ல, அண்ணன். என்னைவிட ஏழு வயது மூத்தவன். ஊர்த் தலைவரான நாட்டார் அவனை ஒருநாள் கேட்டார்:

"ஏண்டா கன்னியப்பா, தம்பிய இஸ்கூலுக்கு அனுப்பிச்சிகினு கீறியே, வலைய எவன் இசுப்பான்?"

"ரெண்டு பேரு வலைய நானே இசுக்கிறேன் நாட்டாரே. வலையில கொறை இருந்தா வந்து கேளுங்க."

"படிச்சவன் கடல மதிக்க மாட்டாண்டா."

"கடலு யாரைத்தான் மதிக்குது?"

நாட்டார் சிரித்துவிட்டார். ஆனால் அவர் சொன்னது ஊரில் நின்றுவிட்டது. நான் ஏதாவது தப்புச் செய்தால், படிப்பைத்தான் முதலில் கைகாட்டுவார்கள். இதை அண்ணன் அறிவான். நானும் அறிவேன்.

3

போன குளிர்காலத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் மாலை வகுப்புக்குப் போகிறேன். வேலை செய்கிறவர்களுக்காக ஒரு பழைய மண்டபத்தில் நடக்கிறது. பாடம், தத்துவம். நடத்துகிறவர் மிஸ் பார்லோ என்ற அம்மையார். யுத்தத்தின்போது குண்டு விழுந்த தெருக்களில் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டியவர். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அந்தக் கையால்தான் சுண்ணக்கட்டியைப் பிடிப்பார்.

பிரான்சு தேசத்தில் சில சிந்தனையாளர்கள் பேசிவரும் விஷயம் என்று அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மனிதன் 'ஏன்?' என்று கேட்கிறான். உலகம் பதில் சொல்வதில்லை. அது கோபத்தினால் அல்ல. அதற்கு வாய் இல்லை. கேட்கிறவனுக்கும் பேசாததற்கும் நடுவில் இருக்கும் இந்தப் பொருத்தமின்மைதான் வாழ்க்கையின் அபத்தம். சிலர் அதைத் தாங்க முடியாமல் தாங்களே ஒரு பதிலைத் தயார் செய்து, உலகம் சொன்னதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சிலர் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்றாவது ஒரு ஜாதி உண்டு. பதில் இல்லை என்று தெரிந்தே மறுநாள் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். அர்த்தம் என்பது கண்டெடுக்கும் பொருள் அல்ல, செய்யும் பொருள் என்று அறிந்தவர்கள்.

முதல் நாள் இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் பக்கத்தில் எதற்கும் பதில் கைவசம் இருக்கும். படகு கவிழ்ந்தால் விதி. மீன் வராவிட்டால் கங்கம்மா கோபம். பதிலே வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதுக் காற்று. பத்து மைல் நடந்துபோயும் அந்த வகுப்பைக் கேட்டிருப்பேன்.

மூன்றாவது வாரம் மிஸ் பார்லோ ஒரு காரியம் செய்தார். "புத்தகத்தை மூடுங்கள். நீங்கள் நேரில் பார்த்த வேலைகளில் முழுக்க முழுக்க வீணான வேலை ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். ஒரு டைப்பிஸ்ட் பெண், யாரும் படிக்காத அறிக்கையை எட்டுப் பிரதி அடிப்பதைச் சொன்னாள். மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்து பஸ் கண்டக்டராக இருக்கும் ஹென்றி, "காலி பஸ்ஸில் நின்றுகொண்டு நிறுத்தத்தின் பெயரைக் கூவுவது" என்றான். வகுப்பு சிரித்தது. பிறகு என் முறை.

நான் எண்ணூர் முகத்துவாரத்தைச் சொன்னேன்.

4

வாசகர்களில் தெற்கத்திக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் ஊரில் உப்பங்கழியும் கடலும் சேரும் இடம்தான் முகத்துவாரம். நாங்கள் ஆத்து வாய் என்போம். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து அதைத் திறந்து வைக்கும். வெள்ளம் நின்றதும் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்ட ஆரம்பிக்கும். பங்குனி சித்திரையில் வாய் முழுக்க மூடிக்கொள்ளும். அப்புறம் கழிக்குள் மீனும் இறாலும் ஏறாது. உள்ளே நிற்கும் தண்ணீர் நாறும். கோடை மழை இரண்டு பெய்து கழியில் நீர் ஏறியதும், ஊர் கூடி அந்த மணலை வெட்டி வாயைத் திறக்கும். வீட்டுக்கு ஓர் ஆள், கையில் மம்முட்டி அல்லது கூடை. வராத வீட்டுக்கு முதல் வலையில் பங்கு கிடையாது.

எட்டு நாள், பத்து நாள் வெட்டுவார்கள். கடல் பக்கம் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குக் கரையை விட்டுவைப்பார்கள். அதை உடைக்கும் நேரம்தான் முக்கியம். கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது உடைத்தால் அலை உள்ளே புகுந்து மணலைத் தள்ளி, வெட்டிய கால்வாயையே தூர்த்துவிடும். ஏற்றம் முடிந்து இறங்க ஆரம்பிக்கும்போது உடைத்தால், கழி நீர் கடலைத் துரத்திக்கொண்டு ஓடி வாயைத் தானே அகலப்படுத்திக்கொள்ளும்.

அந்த நேரத்தைச் சொல்ல ஊரில் ஒருவன் இருப்பான். அலை ஏறி வரும் எல்லையில் ஒரு பூவரசங் குச்சியை ஊன்றிவிட்டுப் பக்கத்தில் நிற்பான். சேர்ந்தாற்போல் மூன்று அலை குச்சியைத் தொடாமல் திரும்பினால், குச்சியைப் பிடுங்கிக்கொண்டு கையைத் தூக்குவான். கரையை உடைப்பார்கள். அந்தக் குச்சி அவன் வீட்டுக் கூரையில் செருகியிருக்கும். எங்கள் கூரையில் இருந்தது. நைனாவுக்குக் காலில் அடிபட்டபின் அண்ணன் கைக்கு வந்தது. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. அத்தனை சிறு வயதில் ஊர் யாருக்கும் கொடுத்ததில்லை.

அது யுத்த காலம். அந்த வருஷம் வாய் சீக்கிரமே மூடிக்கொண்டது. கழியில் மீன் செத்து மிதந்தது. ரேஷன் அரிசி போதவில்லை. நாற்பது வீட்டு ஆட்கள் எட்டு நாள் வெட்டினார்கள்.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. துறைமுகத்துக்குக் கயிறு சப்ளை செய்யும் தண்டையார்ப்பேட்டை சாயபு வீட்டுப் பையன் என் வகுப்பில் படித்தான்; அவன் கொடுத்தது. மெட்ராஸ் துறைமுகத்தில் எந்த நாள் எந்த நிமிஷம் கடல் ஏறும், எந்த நிமிஷம் இறங்கும் என்று வருஷம் முழுவதுக்கும் அச்சடித்த அட்டவணை. அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான கர்வத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. கடலே எனக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

உடைக்கும் நாள் காலை. நாட்டார் வீட்டு டைம்பீஸைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அண்ணன் பக்கத்தில் நின்றேன். மற்றவர்கள் கரை ஓரத்தில், கூப்பிடு தூரத்தில். அலை வந்து குச்சியின் காலை நனைத்துவிட்டுப் போயிற்று.

"ண்ணா, மணி பத்து அஞ்சு ஆயிட்ச்சி."

"அதுக்கு?"

"பத்து மணிக்குத் திரும்பிடும்னு பொஸ்தகத்துல போட்டுக்கீது."

"இன்னும் தொட்டுகினுதாண்டா கீது. பாரு, ரெண்டு அலை."

"அது காத்துக்குத் தெறிக்கிறது. இது தொரைங்க கணக்குப் போட்டு அச்சடிச்சது ண்ணா. கப்பலே இதப் பாத்துதான் உள்ள வருது. லேட்டாச்சின்னா எறங்குற நேரம் போயிடும்."

அவன் குச்சியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. ஐந்து வருஷம் இரண்டு ஆள் வலையை ஒருவனாக இழுத்தவன், அந்த ஐந்து வருஷம் எதற்காக என்று ஒரு நிமிஷம் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறான். குச்சியைப் பிடுங்கினான். கையைத் தூக்கினான்.

கரை உடைந்தது. கழி நீர் வெளியே வரப் பார்த்தது, கடல் உள்ளே வரப் பார்த்தது. இரண்டும் முட்டிக்கொண்ட இடத்தில் மணல் உட்கார்ந்தது. பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இறங்கி நின்று கையால், பலகையால், முதுகால் தடுத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் எட்டு நாள் வேலை தூர்ந்து, கால் தடம்கூட இல்லாமல் வழவழவென்று ஆகிவிட்டது.

நாட்டார் மெதுவாக வந்தார்.

"இன்னா கன்னியப்பா?"

"கண்ணு தப்பிட்ச்சி நாட்டாரே."

"மூணு அலை எண்ணத் தெரியாதாடா ஒனக்கு?"

"எண்ணுனேன். தப்பா எண்ணிட்டேன்."

நான் இரண்டடி தூரத்தில் டைம்பீஸை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். பைக்குள் அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

5

அன்று சாயங்காலம் குச்சி எங்கள் கூரையிலிருந்து போயிற்று. அண்ணியின் தமையன் ஏழுமலை அண்ணன் கைக்கு மாறிற்று. அவரும் அண்ணனும் ஒரே படகில் போகிற தோஸ்துகள். அவர் வாங்கத் தயங்கினார். அண்ணன்தான் அவர் கையில் திணித்தான். "புடி மச்சான். குச்சி இன்னா பாரமா? என்னை விட நீ நல்லா எண்ணுவே, கள்ளுக்கடையில பாத்துக்கீறேன்" என்றான். ஊரே சிரித்தது. அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் புத்தகத்தை எடுத்து அட்டையிலிருந்து படித்தேன். அட்டையின் உட்பக்கம், கடுகு போன்ற எழுத்தில் ஒரு வரி: இதிலுள்ள நேரங்கள் பழைய கணக்குப்படி தரப்பட்டுள்ளன, யுத்த காலத்துக்காகக் கடிகாரங்கள் முன்னே தள்ளப்பட்டிருப்பதால் ஒரு மணி கூட்டிக்கொள்ளவும்.

யுத்தத்துக்காக இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். எண்ணூர் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து வந்து, நாட்டார் வீட்டு டைம்பீஸின் முள்ளை அந்த உத்தரவு வந்த அன்றைக்குத் தள்ளி வைத்தது யார் தெரியுமா? நான்தான். ஊரில் மணி பார்க்கத் தெரிந்த பையன் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

புத்தகத்தோடு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து, அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தான்.

"இம்மாத்தூண்டு எழுத்தா?"

"ண்ணா, நான் போயி நாட்டார் கையில சொல்லிடறேன்."

"சொல்லி? படிப்பு நம்ம குடிய கெடுத்துட்ச்சின்னு நாளைக்கே ஒன்ன இஸ்கூல்லேர்ந்து இசுத்துகினு வந்துடுவாங்க. அஞ்சு வருசம் இஸ்த வலை வீணாப் பூடும். வாயத் தொறக்காத. இன்னா?"

"ஒம் மேல பழி கீதே."

"பழி இன்னா சோறா துண்ணுது? கெடக்கட்டும் ஒரு மூலையில."

நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் சொன்னான், நான் கேட்டேன் என்று அதை என் மனத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை நான் பார்த்ததைத்தான் வகுப்பில் சொன்னேன். மம்முட்டிச் சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்த்தால், நாற்பது வீட்டு ஆட்களும் மணலில் நிற்கிறார்கள். யாரும் கூட்டம் போடவில்லை. யாரும் தண்டோரா அடிக்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள், கையில் மம்முட்டி அல்லது கூடை, முதல் நாள் நின்ற அதே வரிசை. ஒரே ஒரு வித்தியாசம்: குச்சிக்காரன் வெட்டுவது வழக்கமில்லை; குச்சி போய்விட்டதால் அன்று அண்ணன் மம்முட்டியோடு முதல் ஆளாக நின்றான். அவன் வெட்டிப்போட, எங்கள் வீட்டு ஆளாக எப்போதும் வரும் அண்ணி செங்கேணி கூடையில் வாங்கினாள்.

பட்டாளத்துக் கூடாரத்திலிருந்து வந்து வேடிக்கை பார்த்த ஒரு சிப்பாய் அவளைக் கேட்டான், "அடுத்த வருஷமும் மூடத்தானே போகிறது? எதற்காக இந்தப் பாடு?" என்று.

அண்ணி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "கடலுக்கு மூடற வேலை. எங்களுக்குத் தொறக்கிற வேலை. ரெண்டு பேருக்கும் பொழுது போவ வேணாமா சாமி?"

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடிற்று. அரை வயிற்றுச் சிரிப்பு. ஒன்பதாம் நாள் ஏழுமலை அண்ணன் கையைத் தூக்கினார். கழி நீர் குதித்துக்கொண்டு ஓடிற்று.

6

அண்ணி சொன்னதை மிஸ் பார்லோ கரும்பலகையில் எழுதினார். "நான் இருபது புத்தகம் படித்து வந்து சேர்ந்த இடத்தில் இந்த அம்மாள் கூடையோடு நின்றிருக்கிறாள்" என்றார். பனியில் நடந்து வந்தவர்கள் எல்லோரும், பார்க்காத எண்ணூரை ஒரு நிமிஷம் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது, அதையும் சொன்னேன். புத்தகங்களில் எப்போதும் ஒரு தனி மனிதன் பேசாத வானத்தின் கீழ் நிற்கிறான். எங்கள் ஊரில் தனி ஆளாக யாரும் ஆற்று வாயை வெட்டியதில்லை. அபத்தத்தையும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று பங்கு போட்டுக்கொண்டால் நடுவில் சிரிக்க நேரம் கிடைக்கிறது. மிஸ் பார்லோ அதைத் தம் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அப்புறம் ஹென்றி கேட்டான்: "அந்த நேரத்தைத் தப்பாகச் சொன்னது யார்?"

அறையில் பதினான்கு பேர். ஒருவருக்கும் எண்ணூர் எந்தத் திசை என்று தெரியாது. ஒருவரும் நாட்டாரைப் பார்க்கப் போவதில்லை. என்னைப் படிப்பிலிருந்து நிறுத்த இனி யாராலும் முடியாது. பொய் சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லாத இடம் அது.

"என் அண்ணன்" என்றேன். "அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது."

இரண்டாவது வாக்கியத்தை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"பாவம். மறுநாள் அவர் வெட்ட வந்தாரா?" என்று ஹென்றி கேட்டான்.

"வந்தான். முதல் ஆளாக."

"அப்படியானால் அவர் கையை ஒரு தடவை குலுக்க வேண்டும்" என்றான். அவர் இல்லாததால், வகுப்பு முடிந்து போகும்போது என் கையைக் குலுக்கினான்.

அடுத்த வியாழக்கிழமைப் பாடம், பொறுப்பு. மனிதன் தன் செயலுக்கு வெளியே காரணம் தேடி அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறான் என்று மிஸ் பார்லோ சொன்னார். பிறப்பு, கடவுள், சட்டம், பெரியவர்கள் சொன்னது. "உத்தரவு வெளியிலிருந்து வரலாம். கீழ்ப்படிவது என்ற முடிவு உங்களுடையது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டே சொன்னார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல் இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

7

அன்றைக்கே ஊருக்குக் கடிதம் எழுதினேன். முதல் பக்கத்தில் சௌக்கியம். இரண்டாம் பக்கத்தில் எல்லாம்: புத்தகம், டைம்பீஸ், கடுகு எழுத்து. 'இதை நாட்டார் முன்னால் படித்துக் காட்டவும்' என்று முடித்தேன்.

வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிப்பதும் பதில் எழுதுவதும் அண்ணன் மகள் தேசம்மா. பத்து வயது. அப்பா பேசுவதை அவள் அப்படியே எழுதுவதில்லை. பள்ளிக்கூடத் தமிழில் திருத்தித்தான் எழுதுவாள். அவன் சண்டை போட்டால் சில வரிகளை மட்டும் அவன் வாய்ப்படி விட்டுக்கொடுப்பாள். இங்கே இருக்கிற நம்மவர் வீடுகளில் குழந்தைகள் இங்கிலீஷில் பதில் சொல்கிறார்கள் என்று பெற்றவர்கள் என்னிடம் குறைப்படுவதுண்டு. எண்ணூர் மணலிலேயே ஒரு பெண் தன் தகப்பனின் பேச்சை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளைத் தள்ளிவிடுகிறவன் அவள் தகப்பனேதான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் மட்டம் போடவிட மாட்டான்.

பங்குனியில் பதில் வந்தது.

'அன்புள்ள சித்தப்பாவுக்கு, இங்கு யாவரும் நலம். அப்பா சொல்வது என்னவென்றால், உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அடுப்பில் போட்டுவிட்டார். நான் படித்து முடிக்கும் முன்பே பிடுங்கிக்கொண்டார். மீன் குழம்பு நன்றாகக் கொதித்தது என்று எழுதச் சொல்கிறார். இந்த வருஷமும் ஆற்று வாய் மூடிவிட்டது. ஏழுமலை மாமாவுக்கு இப்போது கண் மங்கல். குச்சியை அடுத்து யாரிடம் கொடுப்பது என்று ஊரில் பேச்சு நடக்கிறது. அப்பா பெயரை அம்மா எடுத்தாள். அலை எண்ணத் தெரியாதவனுக்கா என்று நாட்டார் கேட்டுவிட்டார். அப்பா சிரித்துவிட்டு வந்துவிட்டார். கடைசியாக அப்பா கேட்பது: தொரை, ஒன் பொஸ்தகம் இன்னா சொல்லுது?'

நான் ஊரை விட்டு வந்தது முதல் அவன் கடிதம் எதுவும் அந்தக் கேள்வி இல்லாமல் முடிந்ததில்லை. கேலி அது. அதில் ஒரு துளி விஷம் இருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன்.

8

அடுப்பில் போட முடியாத இடத்தில் எழுத வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அந்த முள் சுற்றியபோது முடிவு செய்தேன். எங்கள் ஊர் வாசகசாலைக்கு இந்தப் பத்திரிகை வருகிறது. சாயங்காலம் வலை காயப்போட்டபின் ஏழுமலை அண்ணனின் மகன் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவான். என் குறிப்புகள் வரும் இதழ் என்றால் நாட்டாருக்கு முன்வரிசையில் பாய் போடுவார்களாம். தேசம்மா எழுதியிருக்கிறாள்.

ஆகவே தம்பி, இப்போது படித்துக்கொண்டிருக்கிறவனே, இந்த இடத்தில் என் அண்ணன் எழுந்து வந்து பத்திரிகையைப் பிடுங்கப் பார்ப்பான். கொடுக்காதே. உன் அப்பாவைச் சற்று அவனைப் பிடித்துக்கொள்ளச் சொல். மீதி கொஞ்சம்தான்.

நாட்டாருக்கும் நாற்பது வீட்டாருக்கும்: அன்று உங்கள் எட்டு நாள் உழைப்பைத் தூர்த்தவன் கோவிந்தன் மகன் முருகேசன். அதற்குப் பின்னால் நீங்கள் அரை வயிற்றோடு வெட்டிய ஒன்பது நாளும் என் கணக்கு. அண்ணன் சொன்னதால் வாயை மூடியிருந்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அவன் சொன்னான், மூடியவன் நான். இங்கே, உங்களை யாரென்றே தெரியாதவர்கள் நடுவிலும் அவன் பெயரைத்தான் சொன்னேன். அவர்களிடமும் வருகிற வியாழக்கிழமை திருத்திச் சொல்லப்போகிறேன்.

குச்சியை யாரிடம் கொடுப்பது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அது மணலில் நிற்கிறவர்கள் முடிவு செய்ய வேண்டியது. தெரியாமல் முடிவு செய்யக்கூடாது என்பதற்காக மட்டும் எழுதினேன். படிப்பைப் பற்றி நாட்டார் என்ன நினைத்தாலும், தேசம்மாவை அதில் இழுக்க வேண்டாம். அவள் அட்டையிலிருந்து படிக்கிற பெண்.

அண்ணா, புத்தகம் என்ன சொல்கிறது என்று கேட்டாய். மேஜை மேல் விரித்து வைத்திருக்கிறேன். பழையதுதான், கப்பலில் என்னோடு வந்தது. ஒரு மணி கூட்டிக்கொள் என்கிறது. கூட்டிப் பார்த்தேன். அன்றைக்குக் கடல் திரும்பியது நம் டைம்பீஸுக்குப் பதினொரு மணி. பத்து ஐந்துக்கு அது இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அலை குச்சியைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

நீ சரியாகத்தான் எண்ணினாய்.